வாத்துக் கொழுப்பில் பிறந்த ஊர்

ஒரு ஊர் பிறக்க ஆறு வேண்டும், பாதை வேண்டும், நாலு பேர் அடித்துக்கொண்டு பிரித்துக்கொள்ள நல்ல நிலம் வேண்டும். கஸ்பார் வென்ட்ஸ் ஒரு ரொட்டித் துண்டை வைத்தே ஊர் ஒன்றை உண்டாக்கிவிட்டான். அதுவும் தூக்கத்தில்.

கோடைகாலத்து மதியம். கர்னல் ஹாவரிலின் அச்சுக்கூடத்து மாடியில், ஏரியைப் பார்த்த ஜன்னலோரம், மாநிலத்தின் புது வரைபடத்தைக் கல்லில் வரைந்துகொண்டிருந்தான். மாநிலம் அமெரிக்காவோடு சேர்ந்து ஏழெட்டு வருஷம்தான் ஆகியிருந்தது. தெற்கே கோதுமை வயல், ஜெர்மன்காரர்கள், பீர். வடக்கே பைன் காடு, பனி, அப்புறம் இன்னும் கொஞ்சம் பைன் காடு. தெற்கை வரைய வசந்தம் முழுக்கப் பிடித்தது. வடக்கை வரைய ஒரு மதியம் போதும் என்று அவனுக்குப் பட்டது. அந்த நிம்மதியில்தான் சாப்பாட்டைக் கல்லுக்குப் பக்கத்திலேயே பிரித்தான்.

கல்லச்சுக்காரன் கல்லுக்கு அருகில் எண்ணெய்ப் பண்டம் கொண்டுவரக் கூடாது. இது தொழிலின் முதல் பாடம். தண்ணீர் பட்ட இடத்தில் மை ஒட்டாது, கொழுப்பு பட்ட இடத்தில் ஒட்டும். மொத்தத் தொழிலும் இவ்வளவுதான். கஸ்பாருக்கு இது நன்றாகவே தெரியும். ஆனால் ஒட்டிலி ராபேயின் கடையிலிருந்து வாங்கி வந்த கறுப்பு ரொட்டி இன்னும் சூடாக இருந்தது. மேலே தடவிய வாத்துக் கொழுப்பு உருகி, உப்புக்கல் அதில் மிதந்தது. ஜன்னலுக்கு வெளியே ஏரி கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. கஸ்பாரும் மூடினான், கையில் ரொட்டியோடு.

விழித்தபோது மாநிலத்தின் வடகோடியில், பெயர் கூட வைக்காத ஒரு ஏரியின் கரையில், ஒரு சொட்டு விழுந்திருந்தது.

துடைத்தான். சுரண்டினான். கல் அதற்குள் குடித்து முடித்திருந்தது. மாதிரித் தாள் எடுத்துப் பார்த்தால் புள்ளி வந்தது. மறுபடி சுரண்டி மறுபடி எடுத்தால், நலம் விசாரிக்க வந்ததுபோல் இன்னும் கொஞ்சம் பெரிதாக வந்தது. வாத்துக் கொழுப்புக்கும் வரைபடக்காரனின் மைக்கும் கல் வித்தியாசம் பார்ப்பதில்லை. அதைப் போக்க ஒரே வழி, கல்லை முழுக்கத் தேய்த்து வெள்ளையாக்குவது. வசந்தகாலம் முழுவதையும் தேய்ப்பது. கீழே கர்னல், அரசாங்க ஒப்பந்தம் தாமதமாகிறது என்று கைத்தடியால் கூரையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

கஸ்பார் எழுதுகோலை எடுத்தான். புள்ளியை வட்டமாக்கினான். பக்கத்தில் ஒரு பெயர் எழுதினான். கொழுப்பு யாருடையதோ ஊரும் அவர் பெயரில் இருப்பதுதான் நியாயம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். உண்மையான காரணம் வேறு. மூன்று வருஷமாக அவன் சொல்ல நினைத்து, 'இன்னிக்கு ரொட்டி நல்லா உப்பியிருக்கு' என்று சொல்லிவிட்டுத் திரும்பிய காரணம் அது. கல்லில் எழுத்தை இடவலம் மாற்றித்தான் எழுத வேண்டும். தாளில் விழும்போதுதான் நேராகும். கஸ்பாருக்கு வாழ்க்கையில் எதையும் நேராகச் சொல்லிப் பழக்கம் வராததற்கு இந்தத் தொழில் ஒரு சாக்காக இருந்தது.

வரைபடம் அச்சாகி, தபால் நிலையத்திலும் நில அலுவலகத்திலும் தொங்கியது. ஒரு வாரம் கழித்து ரொட்டி வாங்கப் போனவனை ஒட்டிலி மாவுக் கையோடு நிறுத்தினாள். அவள் ஜெர்மனியிலிருந்து புருஷனோடு கப்பல் ஏறி, நடுக்கடலில் காலராவுக்கு அவனைக் கொடுத்துவிட்டு, ரொட்டி சுடத் தெரிந்த கையோடு மட்டும் இங்கே இறங்கியவள். சிரிக்காமல் பேசுவதில் தேர்ந்தவள்.

"என் பேருல ஒரு ஊர் இருக்காமே?"

"அது... தற்செயலா அமைஞ்சதுங்க."

"தற்செயலா."

"ஆமாங்க. வடக்கே."

"அங்க ரொட்டிக் கடை இருக்கா?"

"அதெல்லாம் வரைபடத்துல தெரியாதுங்க."

"விசாரிச்சு வைங்க. எனக்குப் போட்டி ஆகாது."

அவள் கோபமாக இருக்கிறாளா சந்தோஷமாக இருக்கிறாளா என்று தெரியாமல் கஸ்பார் ரொட்டியை வாங்கிக்கொண்டு நடந்தான். வழக்கத்தைவிட ஒரு கரண்டி கொழுப்பு கூடுதலாகத் தடவியிருந்தது. அதற்கும் என்ன அர்த்தம் என்று தெரியவில்லை.

அன்றிலிருந்து கனவு வர ஆரம்பித்தது.

கனவில் அவன் ஒட்டிலிக்குப் போவான். பெண்ணிடம் அல்ல, ஊருக்கு. ஏரிக்கரையில் இருபது முப்பது வீடு, புகை விடும் மரஅறுவை ஆலை, மணி இல்லாத கோயில். கடைப் பலகைகளில் எழுத்தெல்லாம் இடவலம் மாறி இருக்கும். அவன் கல்லில் எழுதிய விதத்திலேயே அந்த ஊர் உயிரோடு இருந்தது. ஜனங்கள் இடது கையைத் தூக்கி வணக்கம் சொன்னார்கள், கோட்டுப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்கள். அவனைப் பார்த்ததும் சூழ்ந்துகொள்வார்கள்.

"வென்ட்ஸ் ஐயா, ஒரு பாலம் வரைஞ்சு குடுங்க. ஆத்தைத் தாண்ட முடியல."

"ஆறே நான் வரையலியேம்மா."

"அதையும் சேத்து வரைஞ்சிடுங்களேன்."

காலையில் விழித்தால் விரலில் மைக்கறையோடு மணலும் இருப்பதுபோல் தோன்றும். பெற்ற பிள்ளைக்குச் சட்டை தைக்காமல் விட்டவன்போல ஒரு குற்ற உணர்ச்சி நாள் முழுக்கக் கூடவே வரும். ஒருநாள் தனியாக இருந்தபோது ஒரு தாளில் பாலம் வரைந்தும் பார்த்தான். பாலம் நன்றாகவே வந்தது.

நவம்பரில் ஆளுநர் தேர்தல் வந்தது. பதவியில் இருந்த எலைஜா கிரீல் ஒரு பக்கம், கோதுமை வியாபாரி ஹோரஸ் விட்லாக் மறுபக்கம். கர்னல் கிரீலின் ஆள். கர்னல் எந்தப் போரையும் பார்த்தவர் அல்ல. தேர்தல்களைத்தான் பார்த்திருந்தார், அதற்கே கர்னல் பட்டம் குறைவு என்று அவரை அறிந்தவர்கள் சொல்வார்கள். கிரீல் ஜெயித்தால் அரசாங்க அச்சு வேலை அவருக்கு. தோற்றால் கல்யாணப் பத்திரிகைதான் அடிக்க வேண்டும்.

ஓட்டு எண்ணினார்கள். விட்லாக் நூற்றுச் சொச்சம் ஓட்டில் முன்னால் இருந்தார். கிரீலின் ஆட்கள் அவசரப்படவில்லை. வடக்கிலிருந்து இன்னும் கணக்கு வரவில்லை, பனி, பாதை மோசம், பொறுங்கள் என்றார்கள். பொறுத்தார்கள். ஏரி உறைந்த பிறகு ஒருநாள், தபால் நிலையத்தின் முன் நின்ற கூட்டத்தில் ஒருவன் செய்தித்தாளை உரக்கப் படித்தான். ஒட்டிலி ஊரின் ஓட்டு வந்துவிட்டது. கிரீலுக்கு நூற்றுநாற்பது. விட்லாக்குக்கு ஒன்று. கிரீல் ஜெயித்தார்.

கஸ்பார் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தான். முதலில் அவனுக்கு வந்தது பயம் அல்ல. வெட்கத்தைவிட்டுச் சொன்னால், பெருமை. இத்தனை பேரா, என்று நினைத்தான். நூற்றுநாற்பத்தொரு பேர் அந்தக் குளிரில் வரிசையில் நின்றிருக்கிறார்கள், பாலம் கூட இல்லாத ஊரில். வீடு போய்ச் சேர்வதற்குள்தான் தெளிந்து, அப்படி ஒரு ஊரே இல்லையே என்ற பயம் வந்தது.

விட்லாக் விடவில்லை. ஒரே நாளில் இரண்டு பேரும் பதவிப் பிரமாணம் எடுத்தார்கள். கிரீல் சட்டசபை மாளிகையில் பீரங்கி முழங்க. விட்லாக் நீதிமன்றத்துப் பின்னறையில், இருமிக்கொண்டே. மாநிலத்துக்கு இரண்டு ஆளுநர்கள். இரண்டு பேர் வீட்டிலிருந்தும் ரொட்டி வாங்க ஆள் வந்ததில் ஒட்டிலிக்கு நல்ல வியாபாரம். ஆனால் தெருவில் அவள் போனால் பையன்கள் தொப்பியைக் கழற்றி, "நூத்துநாப்பது பேரும் சௌக்கியமா, அம்மா?" என்று கேட்டார்கள். அவள் சிரிக்காமல், "அந்த ஒருத்தனுக்குத்தான் உடம்பு சரியில்ல" என்பாள்.

அந்த ஒருத்தன் கஸ்பாரையும் விடவில்லை. கனவில் இப்போது ஊரே மாறியிருந்தது. ஆலைக்கு முன்னால் கொடி பறந்தது, எல்லோரும் கிரீலுக்கு வாழ்த்துச் சொன்னார்கள். தள்ளி, உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு, ஒருவன் முதுகைக் காட்டி உட்கார்ந்து மீன் பிடித்துக்கொண்டிருந்தான். இத்தனை பேர் ஒரு பக்கம் நிற்கும்போது தனியாக மறுபக்கம் நிற்க எவ்வளவு திமிர், அல்லது எவ்வளவு குளிர் தாங்கும் உடம்பு வேண்டும் என்று கஸ்பார் வியந்தான். கிட்டே போய், "நீங்கதானா அது?" என்று கேட்டான். அவன் திரும்பவில்லை. தூண்டிலை ஒருமுறை ஆட்டினான், அவ்வளவுதான்.

ஜனவரியில் கர்னல் மாடி ஏறி வந்தார். அவர் மாடி ஏறுவது அபூர்வம். தடியை ஓரமாகச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"கஸ்பார், உன்னை நினைச்சா எனக்குப் பெருமையா இருக்குப்பா."

கஸ்பார் எழுந்து நின்றான். கர்னல் பெருமைப்பட்டால் யாராவது ஒருவர் கூடுதல் வேலை பார்க்க வேண்டியிருக்கும்.

"அடுத்த மாசம் கோர்ட்டுல உன்னைக் கூப்பிடுவாங்க. ஒட்டிலின்னு ஊரையே கேள்விப்பட்டதில்லன்னு விட்லாக்கோட வக்கீல் குதிக்கறான். நாங்க உன் படத்தைத்தான் காட்டறோம். நீ போய், வரைஞ்சது நான்தான், சர்வேக்காரங்க குறிப்பைப் பாத்துத்தான் வரைஞ்சேன்னு ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வந்துடு."

"ஐயா, அதுல ஒரு சின்னச் சங்கடம்."

"என்ன?"

"அது ஊர் இல்லீங்க."

"கிராமமா?"

"இல்லீங்க."

"சரி, குடிசை நாலு. பேர் இருக்குல்ல, போதும்."

"வாத்துக் கொழுப்புங்க."

கர்னல் அவனையே பார்த்தார். கஸ்பார் எல்லாவற்றையும் சொன்னான். ரொட்டி, தூக்கம், சுரண்டல். பெயர் வைத்த காரணத்தை மட்டும் விட்டுவிட்டான். சொல்லி முடித்தபோது கர்னலின் முகம், வீட்டுக்குள் வந்து தன் நாற்காலியைக் காணாதவர் முகம்போல் இருந்தது.

"இத்தனை வருஷமா கட்சி வேலை பாக்கறேன்" என்றார் மெதுவாக. "செத்தவங்க ஓட்டுப் போட்டிருக்காங்க. பொறக்காதவங்க போட்டிருக்காங்க. ஆனா ஊர்னு ஒண்ணு இருக்கும்ப்பா. அந்த அளவுக்கு நாங்க நேர்மையாத்தான் இருந்திருக்கோம்."

"ஆமாங்க."

"அங்க மரம் வெட்டறவங்க இருப்பாங்க, வேலை மும்முரத்துல ஓட்டுப் போட மறந்திருப்பாங்க, அவங்க சிரமத்தை நாங்க எடுத்துக்கிட்டோம்னு நினைச்சிருந்தேன். படத்துல இருக்கறதுலயே கடைசி ஊரா பாத்து வெரல வச்சேன்."

"ஐயா, ஒண்ணு கேக்கலாங்களா? எதிரா விழுந்த அந்த ஒரு ஓட்டு யாருது?"

"ஏரி இந்த வருஷம் நல்லா உறைஞ்சிருக்கு" என்றார் கர்னல், ஜன்னலைப் பார்த்து. பிறகு தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "ஊர் இல்லேன்னா என்ன. கோர்ட்டு ஆளுங்க பாக்க வர்றதுக்குள்ள இருந்துட்டா போச்சு. நாளைக்கே கிளம்பு. எந்த இடம்னு காட்டு. மிச்சத்தை ஃபின்டன் பாத்துப்பான்."

ஃபின்டன் கர்னலின் பனிச்சறுக்கு வண்டிக்காரன், அயர்லாந்துக்காரன், குதிரையோடு அதிகமாகவும் மனிதரோடு குறைவாகவும் பேசுகிறவன். எருமைத் தோலுக்குள் கஸ்பாரைச் சுருட்டி, காலடியில் சூடான செங்கல் வைத்து, வடக்கே ஓட்டினான். நாள் கணக்கு போய்விட்டது. முதலில் வயல்கள் மறைந்தன, பிறகு வேலிகள், பிறகு பாதை. மணிச் சத்தம் மட்டும் கூட வந்தது. கஸ்பார் தூங்கினான், விழித்தான், இரண்டுக்கும் இடையில் இருந்த வேலியும் எங்கோ மறைந்துவிட்டிருந்தது. ஒருமுறை கண் திறந்தபோது மரங்களுக்கு நடுவே யாரோ இடது கையைத் தூக்கி வணக்கம் சொன்னதுபோல் இருந்தது. கிளையிலிருந்து பனி விழுந்ததாகவும் இருக்கலாம்.

குதிரைகள் நின்றன. எதிரே ஏரி. கரைக்கும் தண்ணீருக்கும் வானத்துக்கும் வித்தியாசம் இல்லாத வெள்ளை. அப்போதுதான் தேய்த்து வைத்த கல்போல் இருந்தது உலகம். அதன்மேல் மூடுபனி.

"ஊர் எங்க?" என்றான் ஃபின்டன்.

"நாம அதுக்குள்ளதான் நிக்கறோம்."

"எந்தப் பக்கம் கட்டணும்?"

கஸ்பார் கையால் பொதுவாகக் காட்டினான். "அந்தப் புள்ளியோட அகலமே நாலு மைல் இருக்கும்."

"பெரிய ஊர்தான்" என்றான் ஃபின்டன். புகைக்குழாயைப் பற்றவைத்தான். "ஆறு வீடு, ஒரு கோயில்னு சொல்லியிருக்காரு கர்னல். கோயிலுக்கு முன்சுவர் மட்டும் போதுமாம்."

"பின்னால வந்து பாத்தா?"

"கோயிலைப் பின்னால போய்ப் பாக்கறவன் ஓட்டு எண்ண வந்தவனா இருக்க மாட்டான், வேற வேலையா வந்தவனாத்தான் இருப்பான்."

சிரித்துக்கொண்டே கஸ்பார் ஏரிமேல் நடந்தான். மூடுபனி கொஞ்சம் விலகியது. ஆலையின் புகையைப் பார்த்தான். கடைப் பலகையில் இடவலம் மாறிய எழுத்தைப் பார்த்தான். யாருக்கோ யாரோ கதவைத் திறந்து 'உள்ள வா, குளிருது' என்று சொன்னதைக் கேட்டான். தள்ளி, பனிமேல், முதுகைக் காட்டி அந்த ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். கஸ்பார் அவனை நோக்கி வேகமாக நடந்தான், மூச்சு வாங்க ஓடினான். கிட்டே போனால் பனியில் சிக்கி நின்ற மரக்கட்டை. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். ஃபின்டன் கூப்பிடவில்லை. குதிரைகளிடம் மெல்லிய குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான்.

மரம் வெட்டுபவர்களின் கூடாரம் அங்கிருந்து இரண்டு நாள் தூரம். வீடு கட்டக் கூப்பிட்டதற்கு, இந்தக் குளிரில் ஆணி அடித்தால் ஆணிதான் உடையும், கர்னலே வந்து அடித்துக்கொள்ளட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆறு வீட்டில் ஒன்றும் எழவில்லை. ஒட்டிலி ஊர் இப்போது கஸ்பாரின் நாக்கு நுனியில் மட்டும் நின்றது.

திரும்பி வந்ததும் கர்னல் கூப்பிட்டார். திட்டவில்லை. ஒரு கோப்பை விஸ்கி ஊற்றிக் கொடுத்தார்.

"அப்ப உன் வார்த்தைதான் கஸ்பார். நீ ஊர்னு சொன்னா ஊர். பனி உருகற மே மாசம் வரைக்கும் கோர்ட்டு அங்க ஆள் அனுப்ப முடியாது. அதுக்குள்ள பழசாயிடும்." அவர் தடியின் பிடியைத் தடவினார். "அந்த ரொட்டிக் கடைக் கட்டடம் என்னோடதுன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியுங்க."

"நல்ல அடுப்பு. ராபே அம்மாவுக்கு அந்த இடம் ராசியாயிடுச்சு. நான் மிரட்டறேன்னு நினைச்சுக்காத. கட்டடத்தைப் பத்திப் பேசிட்டிருக்கேன்."

கஸ்பார் நேராக ரொட்டிக் கடைக்குப் போனான். ஒட்டிலி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். இந்த முறை எல்லாவற்றையும் சொன்னான், கொழுப்பிலிருந்து கட்டடம் வரை. அவள் கை நிற்கவில்லை.

"நான் என்ன சொல்லட்டும்?" என்று கேட்டான்.

"கோர்ட்டு என்னையா கூப்பிட்டிருக்கு?"

"கடை உங்களுது."

"ஊரும் என்னோடதுதான்னு சொன்னாங்க. நூத்துநாப்பத்தோரு ஆம்பிளைங்க ஓட்டுப் போட்டாங்க அங்க. என் பேருல இருக்கற ஊர்ல எனக்கு ஒரு ஓட்டு இல்ல. இப்ப மட்டும் எங்கிட்ட ஏன் கேக்கறீங்க?"

"கோவமா இருக்கீங்களா?"

"ரொட்டி கருகுது. தள்ளுங்க."

விசாரணை நாள் காலையில் கஸ்பார் இருந்ததில் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினான். என்ன சொல்வது என்று இன்னும் அவனுக்குத் தெரியாது. இரண்டு பதிலும் தயாராக இருந்தன. ஒன்று வலது பையில், ஒன்று இடது பையில் என்பதுபோல. சதுக்கத்தைத் திரும்பியபோது எதிரே ஒட்டிலி கைவண்டி தள்ளிக்கொண்டு வந்தாள். புளித்த மாவுப் பானையைப் போர்வை சுற்றிக் குழந்தைபோல் படுக்க வைத்திருந்தாள். பக்கத்தில் தட்டுகள், அகப்பைகள். எல்லாவற்றுக்கும் மேல், கழற்றிய கடைப் பலகை.

"எங்க போறீங்க?"

"குதிரை லாயத்துக்குப் பின்னால ஒரு கொட்டகை காலியா இருக்கு. அந்தக் கட்டடம் எனக்கு ரொம்ப நாளாவே பிடிக்கல. கூரை ஒழுகுது."

"கர்னல் காலி பண்ணச் சொல்லிட்டாரா?"

"அவர் ஏன் சொல்லப்போறாரு? இன்னும் நீங்க கோர்ட்டுக்கே போகல." வண்டிச் சக்கரம் பனியில் புதைந்தது, அவள் இடுப்பால் முட்டித் தள்ளினாள். "வழி விடுங்க. மாவு குளிர்ந்தா வீணாயிடும்."

கஸ்பார் வழி விட்டான். அவள் போன பாதையில் இரண்டு கோடு பனியில் நீண்டு கிடந்தது. வலது பை, இடது பை எல்லாம் காலியாகிவிட்டதுபோல் அவனுக்கு உடம்பு லேசாகியது.

நீதிமன்றத்தில் அவன் வரைந்த படத்தைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். நீதிபதி ஆம்ப்ரோஸ் புகையிலை மென்றுகொண்டே கேட்டார்.

"இதை வரைஞ்சது நீர்தானா?"

"ஆமாங்க."

"இந்த ஒட்டிலிங்கறது?"

கஸ்பார் படத்தைப் பார்த்தான். இங்கிருந்து பார்த்தால் புள்ளி சின்னதாகத்தான் இருந்தது. ஆனாலும் அதற்குள் ஜனங்கள் வேலையை நிறுத்திவிட்டு, அவன் என்ன சொல்லப்போகிறான் என்று தலை தூக்கிப் பார்ப்பது தெரிந்தது. பாலம் கேட்ட அந்த அம்மா முன்னால் நின்றாள்.

"மத்தியானச் சாப்பாடுங்க" என்றான்.

நீதிபதி மெல்வதை நிறுத்தினார். கஸ்பார் கல்லையும் கொழுப்பையும் விளக்கினான். பின்வரிசையில் ஆரம்பித்த சிரிப்பு முன்னால் வந்து வக்கீல்களைத் தாண்டி எழுத்தர் வரை போயிற்று. கிரீலின் வக்கீல் எழுந்தார்.

"நீர் குடிக்கற பழக்கம் உள்ளவரா?"

"ஞாயித்துக்கிழமை பீர் மட்டுங்க."

"அன்னிக்கு என்ன கிழமை?"

"வியாழன். அன்னிக்கு வெறும் தூக்கந்தாங்க."

"தெளிவா சொல்லும்" என்றார் நீதிபதி. "அப்படி ஒரு ஊர் இருக்கா, இல்லையா?"

கனவில் அவனை நம்பிய முகங்களை அவன் கடைசியாக ஒருமுறை பார்த்தான்.

"இல்லீங்க. நான் போய்ப் பாத்தேன். அங்க யாரும் இல்ல. இருந்திருக்கலாம்னு எனக்கும் ஆசைதான்."

சிரிப்பு அடங்கிவிட்டது. அவன் காதில் மட்டும் ஏரிக்கரையில் ஒவ்வொரு கதவாகச் சாத்தும் சத்தம் கேட்டது. ஆலைப் புகை நின்றது. ஜன்னல் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக, யாரும் யாரையும் குறைசொல்லாமல், அணைந்தன. பனிமேல் உட்கார்ந்திருந்தவன் மட்டும் எழுந்து போகவில்லை.

தீர்ப்பு வருவதற்குள் கிரீல், உடல்நிலை சரியில்லை என்று சொல்லிப் பதவி விலகினார். விட்லாக் ஆளுநரானார். ஊழல் ஒழிந்தது என்று வாண வேடிக்கை நடந்தது. அந்த வாரமே அவருடைய மைத்துனருக்கு அச்சுத்தொழிலில் திடீர் ஆர்வம் பிறந்து, அரசாங்க ஒப்பந்தம் அவருக்குப் போனது. கர்னல் அச்சுக்கூடத்தைப் பூட்டினார். கஸ்பாருக்கு வேலை போயிற்று. தேய்த்து வெள்ளையாக்கிய அந்தக் கல்லை மட்டும் யாரும் கேட்காததால், உருட்டிக்கொண்டு வந்து ஒட்டிலியின் கொட்டகை வாசலில் படியாகப் போட்டான்.

பனி உருகிக்கொண்டிருந்தது. அடுப்புக்குச் செங்கல் சுமப்பது இப்போது அவன் வேலை. சம்பளம் ரொட்டி. கடைப் பலகைக்குப் புது வண்ணம் அடிக்கச் சொன்னாள் ஒட்டிலி. அடித்தான். பாதி முடித்தபோதுதான் வழக்கம்போல் இடவலம் மாற்றி எழுதியிருப்பது தெரிந்தது. லாயத்துக்காரர்கள் சிரித்தார்கள். ஒட்டிலி தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "அப்படியே இருக்கட்டும். எனக்குப் படிக்க முடியுது" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று கஸ்பார் இந்த முறை குழம்பவில்லை. அடுத்த செங்கல்லைத் தூக்கினான்.

முதல் ரொட்டி வெந்த நாளன்று, சேற்றில் தடியை ஊன்றி ஊன்றி, கர்னல் வந்தார். கோட்டுத் தோள் தொங்கியிருந்தது.

"வாடகை கேட்டு வரல" என்றார் கர்னல். "இது என் கட்டடம் இல்லியே. வாசனை வந்துச்சு."

ஒட்டிலி ஒரு துண்டு வெட்டி, வாத்துக் கொழுப்பு தடவி, உப்புத் தூவிக் கொடுத்தாள். அவர் வாசல் கல்லின்மேல் உட்கார்ந்து சாப்பிட்டார். ஒரு சொட்டு கல்மேல் விழுந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள்.

"நல்ல ஊராத்தான் இருந்திருக்கும்" என்றார் அவர்.

"பாலம் வேணும்னு கேட்டுட்டே இருந்தாங்க" என்றான் கஸ்பார்.

கர்னல் அதற்கு ஏன் எப்படி என்று கேட்கவில்லை. விரலை நக்கினார்.

"ஐயா, இப்பவாவது சொல்லுங்க. அந்த ஒரு ஓட்டு யாருது?"

கர்னல் ஏரிப் பக்கம் பார்த்தார். பனிக்கட்டி விரிசல் விட்டு, நடுவில் கறுப்பாகத் தண்ணீர் தெரிந்தது. வானிலையைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்தது. அவர் சொல்லவில்லை. திரும்பி முதல் தடவையாகக் கஸ்பாரின் கண்ணைப் பார்த்தார்.

"நான் எழுதினதுதான். அத்தனை பேரும் நமக்கே போட்டா எவனும் நம்ப மாட்டான்னு ஒரு ஆள் எதிரா வேணும்னு தோணுச்சு. பட்டியல்ல அந்த ஆளுக்கு ஒரு பேர் வேணும். கூலி குடுத்தாலும், கூரையத் தட்டினாலும், எனக்கு எதிரா ஓட்டுப் போடற ஆள் எனக்குத் தெரிஞ்சவங்கள்ல யாருன்னு யோசிச்சேன். வேற யாரும் ஞாபகத்துக்கு வரல. உன் பேரத்தான் எழுதினேன், கஸ்பார்."